மாணாக்கரும் வாய்தாவும்

சர்வகலாசாலை மாணாக்கர்கள் வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவதைக் கண்டு, "சோம்பேறிகள்" என ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவது பெரியோர்களின் வழக்கம். விசாரணையின்றிக் கூறப்படும் இத்தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சோம்பேறி வேலை செய்ய எண்ணுவதே கிடையாது. இம்மாணாக்கரோ எண்ணுகிறார்கள், தள்ளினால் தமக்கே நஷ்டமென்று அறிந்தும் தள்ளுகிறார்கள்.

1984-ம் வருஷத்தில் ஸாலமன், ராத்ப்ளம் என்னும் இரு மனோதத்துவ நிபுணர்கள் அமெரிக்க மாணாக்கர் 342 பேரை விசாரித்தனர். பாடக் கட்டுரை எழுதுவதை எப்போதும், அல்லது ஏறக்குறைய எப்போதும், ஒத்திப்போடுவதாக நூற்றுக்கு 46 பேர் ஒப்புக்கொண்டார்கள். தோல்விக்கு அஞ்சித் தள்ளியவர்கள் ஒரு சிறு பகுதியினரே. வேலை கசந்ததனால் தள்ளியவர்கள் அதிகம்.

எதையும் பழுதறச் செய்யவேண்டும் என்னும் ஆசையினாலேயே தாமதமாகிறது என்று சிலர் சொல்லிக்கொள்வதுண்டு. கௌரவமான சாக்குத்தான்! கானடாவில் கால்கரி சர்வகலாசாலையைச் சேர்ந்த பியர்ஸ் ஸ்டீல், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2007-ல் வெளியிட்ட முடிவு இதற்கு இடங்கொடுக்கவில்லை. அந்த ஆசைக்கும் தாமதத்திற்கும் உள்ள சம்பந்தம் அற்பம். கவலைப்படும் சுபாவத்தின் சம்பந்தமும் சொற்பமே. எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கும் கடமையுணர்ச்சி குறைந்திருப்பது, கண்ணெதிரே உள்ள இன்பத்தை உடனே நாடும் அவசர புத்தி, தன்னால் ஆகும் என்ற நம்பிக்கையின்மை ஆகியவையே பலமான சம்பந்தமுடையவை.

நாமும் வக்கீல் தொழில் செய்பவர்கள். வாய்தா கிடைத்த மாலைப்பொழுது எத்துணை இன்பமானதென்று நமக்குத் தெரியும். அந்த இன்பத்தின் விலையையும் டைஸ், பௌமைஸ்டர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் கணக்கிட்டனர். பருவத்தின் தொடக்கத்தில், தாமதிக்கும் மாணாக்கருக்கு மற்றவர்களைவிட மனச்சுமையும் உடல் உபாதையும் குறைவாயிருந்தன. முடிவிலோ இரண்டும் மிகுந்து, முன்பு பெற்ற லாபத்தையும் விழுங்கிவிட்டன, மார்க்கும் குறைந்தது.

சுபாவம் அப்படியாயின் பரிகாரமே இல்லையா? உண்டு. மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் ஒரு வகுப்பாருக்கு மூன்று கட்டுரைகளுக்கும் சமமான இடைவெளியில் தவணை குறிக்கப்பட்டது. மற்றொரு வகுப்பார் தாமே தேதி குறித்துக்கொள்ள விடப்பட்டனர். தவறினால் அபராதம் இரு சாராருக்கும் ஒன்றே. 2002-ல் ஏரியலி, வெர்டன்ப்ரோக் இருவரும் வெளியிட்ட முடிவின்படி, தவணை குறிக்கப்பெற்றவர்களே அதிக மார்க்குப் பெற்றனர்.

நிந்தனையால் பயனுண்டோவெனில், ஆட்டவாவிலுள்ள கார்ல்டன் சர்வகலாசாலையில் 119 முதலாண்டு மாணாக்கரைக் கொண்டு நடந்து, 2010-ல் வெளிவந்த ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. முதற் பரீக்ஷைக்குத் தாமதித்ததற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீக்ஷைக்குக் குறைவாகவே தாமதித்தார்களாம். மகனை ஓயாது வசைபாடும் தகப்பனார்கள் இதைக் கவனிப்பார்களாக.

பாடங்களைக் கூறுபோட்டுத் தவணை குறிக்கக் கலாசாலைகளுக்குக் காசு செலவில்லை. பருவம் தொடங்கும் அன்றே தேதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடலாம். அதற்கும் அடுத்த பருவம் வரட்டுமென்று ஆசிரியர்கள் நம்மிடம் வாய்தா கேளாதிருக்க வேண்டும்.