குருதியும் பழியும்: 'ஹெல்பிளேசர்' படக்கதையில் குறையுடைத் தலைவன்

பேய்க்கதைகளைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளக் கற்றோர் பலர் தயங்குவர். அக்கதை படக்கதையாகவும் அமைந்து, பக்கந்தோறும் குருதியும் நிணமும் சிந்துவதாகவும் இருக்குமாயின், தயக்கம் வெறுப்பாகவே முதிரும். அவ்வெறுப்பை யாம் குறை கூறவில்லை. இவ்வகைக் கதைகளுட் பெரும்பாலன அதற்கு உரியனவே. ஆயினும், கல் கலந்தது என்பதற்காக அரிசியையும் சேர்த்து எறிவார் இலர். பெருநகரைக் களனாகக் கொண்டு, தீய ஆவிகளை வேட்டையாடும் குறையுடைய ஒருவனைத் தலைவனாக்கி, அச்சமும் அருவருப்பும் மேலோங்க எழுதப்பெறும் கதைகள் மேலைநாடுகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பெருகியுள்ளன. அவற்றுக்கு வழிகாட்டியனவற்றுள் ஒன்று 'ஹெல்பிளேசர்' என்னும் ஆங்கிலப் படக்கதை. அதிற் காணும் குருதி வெறும் மிகையா, அன்றிக் கதைக்கு இன்றியமையாததோர் உறுப்பா என்னும் வினாவுக்கு ஈண்டு விடை காண முயல்வோம்.

முதற்கண் சில சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் நலம். இறந்தோர் ஆவியைப் 'பேய்' என்றல் நம்மிடைப் பெருவழக்கு. இக்கதைகளிலோ இறந்தோர் ஆவி வேறு; கிறித்தவ மரபு கூறும் நரகில் ஆட்சி செலுத்தும் தீய உயிர்கள் வேறு. பின்னவற்றை 'அலகை' என்போம். குறளில் வரும் பழஞ்சொல் அது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பிலும் ஆளப்பெறுகின்றது. முன்னவற்றை 'ஆவி' என்று மட்டுமே கூறுவோம். கதைத்தலைவனாக நின்றும் தலைமைக்குரிய பண்புகள் நிரம்பாதவனைக் 'குறையுடைத் தலைவன்' என்போம். 'எதிர்த்தலைவன்' என்னும் ஆட்சி ஒன்று உண்டு; அது தலைவனின் பகைவனையும் குறித்து மயங்க வைப்பதால் விலக்கினோம்.

ஜான் கான்ஸ்டன்டைன் என்னும் இத்தலைவன் முதலில் துணைப்பாத்திரமாகவே பிறந்தான். 1985ஆம் ஆண்டு, 'ஸ்வாம்ப் திங்' என்னும் அமெரிக்கப் படக்கதை இதழின் 37ஆம் வெளியீட்டில் ஆலன் மூர் அவனை அறிமுகப்படுத்தினார். ஸ்டிங் என்னும் பாடகரின் முகச்சாயலில் ஒருவனை வரைய ஓவியர்கள் விரும்பினர். அவ்விருப்பத்திலிருந்து ஒரு பாத்திரம் எழுந்தது. இலக்கிய வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் புதியன அல்ல. 1988இல் அவனுக்கெனத் தனியிதழ் தொடங்கியது. ஜேமி டெலானோ எழுத, ஜான் ரிட்ஜ்வே வரைந்தார். 'ஹெல்ரைசர்' என்று பெயரிடவே முதலிற் கருதினர். 1987இல் கிளைவ் பார்க்கரின் திரைப்படம் அப்பெயரொடு வந்துவிட்டமையால் மாற்றினர். பின்னர்க் கார்த் என்னிஸ், பால் ஜென்கின்ஸ், வாரன் எல்லிஸ், மைக் கேரி, டெனிஸ் மினா எனப் பலர் கைமாறி, 2013இல் 300ஆம் இதழோடு அது நின்றது.

அலகையையும் ஆவியையும் ஆராயும் அறிஞன் ஆங்கிலக் கதைக்கு முன்பே அறிமுகமானவன். ஷெரிடன் லெஃபானு 1872இல் வெளியிட்ட தொகுதியில் ஹெசீலியஸ் என்னும் மருத்துவர் வருகின்றார். 1908இல் ஆல்ஜெர்னன் பிளாக்வுட் படைத்த ஜான் சைலன்சும், 1913இல் நூலாக வந்த ஹாட்ஜ்சனின் கார்னக்கியும் அவ்வழியினர். இவர்கள் யாவரும் கற்றவர், பெரும்பாலும் வசதியுடையோர். துன்புறுவோர் வீட்டுக்குச் சென்று, ஏற்றது செய்து, கைகழுவித் திரும்புவர். கான்ஸ்டன்டைனோ லிவர்பூலிற் பிறந்த உழைக்கும் குடியினன். கசங்கிய மழைச்சட்டையும் ஓயாத புகையுமாக இலண்டனில் வாடகை அறையில் வாழ்பவன். அமெரிக்கத் துப்பறியும் கதைகளில் ஹாமெட்டும் சாண்ட்லரும் வளர்த்த நகரத் தனியனின் சாயல் அவனிடம் மிகுதி. இவ்விரு மரபும் கூடியதனால் மட்டும் அவன் புதியவனாகிவிடவில்லை. அவன் கைகழுவ முடியாதவன் என்பதே புதுமை.

இதனை முதலிரண்டு இதழ்களே காட்டும். கேரி லெஸ்டர் கான்ஸ்டன்டைனின் பழைய நண்பன், போதைப்பொருளுக்கு அடிமையானவன். அவன் ஆப்பிரிக்காவிலிருந்து நெமாத் என்னும் பசி அலகையை அறியாது அவிழ்த்துவிட்டு ஓடிவருகின்றான். அவ்வலகை புகுந்தவர் தாம் விரும்பியதைத் தின்று தின்றே வற்றிச் சாகின்றனர். தின்னத் தின்ன உடல் சுருங்குகின்றது. எலும்பின்மேல் தோல் ஒட்டுகின்றது. ரிட்ஜ்வேயின் நுண்கோடுகள் இதனைக் காட்டும் முறை எளிதில் மறக்கத்தக்கது அன்று. கேரியைக் கான்ஸ்டன்டைன் தன் குளியலறையிற் காணும்பொழுது அவன்மேல் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கின்றன. அலகையை அடக்க ஒரு வழியே உண்டு. உயிருள்ள ஓர் உடலை அதற்குச் சிறையாக்கி மூடிவிட வேண்டும். கான்ஸ்டன்டைன் நண்பனை நியூயார்க்குக்கு அழைத்துச் செல்கின்றான். பாப்பா மிட்நைட் என்னும் மந்திரவாதியின் துணையோடு அவனையே அச்சிறையாக்குகின்றான். நகரம் பிழைக்கின்றது. கேரி அலகையொடு அடைபட்டு மாய்கின்றான். பின்வரும் இதழ்களில், இறந்த நண்பர்களின் ஆவிகள் வாய் பேசாது கான்ஸ்டன்டைனைத் தொடர்கின்றன.

இக்கதையை நம் மெய்ப்பாட்டு நெறியால் நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். வடமொழியார் 'பீபற்சம்' என்னும் சுவையைப் பெரிதும் அருவருப்பின் வழி விளக்குவர்; குருதியும் நிணமும் அதற்கு ஏற்ற பொருள்கள். தொல்காப்பியனார் கூறும் இளிவரலோ அவ்வாறு அன்று. அவர் அதற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். அவற்றுட் குருதி இல்லை. கண்டதை வெறுத்தல் ஒன்று. தாழ்வுற்ற நிலையில் உள்ளம் குன்றுதல் மற்றொன்று. இளிவரல் பின்னதன் பாற்படும் என்று யாம் கொள்கின்றோம். மலிவான கோரக்கதை முதலாவதோடு நின்றுவிடும்; அங்குச் சிந்தும் குருதிக்கு உரியவர் பெயர்கூட நமக்கு நினைவில் நில்லாது. கேரியின் கதையில் அருவருப்பு முதலில் வருகின்றது. பின்னர் அது இளிவரலாகத் திரும்புகின்றது. வற்றிய உடலைக் கண்டு நாம் முகஞ்சுளிக்கின்றோம். அவ்வுடல் யாரால் அங்கு வந்தது என்று அறிந்ததும் சுளித்த முகம் கவிழ்கின்றது. குருதிக்குப் பெயர் உண்டு; பழிக்கும் பெயர் உண்டு. இவ்விரண்டும் பிரிக்க ஒண்ணாதவாறு பிணைந்திருத்தலே இப்படக்கதையின் உயிர்.

11ஆம் இதழில் இப்பழியின் தொடக்கம் கூறப்படுகின்றது. 1978இல் நியூகாசில் நகரின் கேளிக்கை விடுதி ஒன்றில், தந்தையாலேயே கொடுமைக்குள்ளான ஆஸ்ட்ரா என்னும் சிறுமியின் அச்சமும் சினமும் ஒரு கொடிய உருவை எழுப்பிவிடுகின்றன. அது அங்கிருந்தோரைக் கொன்று குவிக்கின்றது. இளமைச் செருக்கிலிருந்த கான்ஸ்டன்டைன் அதனை அழிக்க ஓர் அலகையை அழைக்கின்றான். ஆனால் வந்த அலகையின் மெய்ப்பெயரை அவன் அறியான். பெயரறியாது அழைத்தவனுக்கு அது கட்டுப்படவில்லை. ஏவிய வேலையை முடித்தபின் சிறுமியை நரகுக்கு இழுத்துச் செல்கின்றது. அவன் பிடித்திருந்த கை மட்டும் அவன் கையில் எஞ்சுகின்றது. பின்னர் அவன் ரேவன்ஸ்கார் என்னும் மனநோய் விடுதியில் அடைபடுகின்றான். இதனினும் கொடிய காட்சிகள் பிற்கால இதழ்களில் உண்டு. எனினும் இந்த ஒரு கையே மற்றவற்றை எல்லாம் தாங்கி நிற்பது. அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது, பேய் பிடிக்கும் ஒருவனின் வீரச்செயல் வரிசை மட்டுமே.

வீரம் என்றமையால் பெருமிதத்தையும் ஒருகால் நினைத்தல் தகும். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன அதன் நிலைக்களன்கள். கான்ஸ்டன்டைனிடம் மந்திரக் கல்வி உண்டு. அலகையின் முகத்துக்கு எதிரே நின்று எள்ளும் தறுகண் உண்டு. நரகம் வரை பரவிய இசைமையும் உண்டு, நல்லதன்று எனினும். கொடையும் உண்டு என்றே கூறலாம். ஆனால் அவன் கொடுப்பது பிறர் உயிர்.

நகரம் இக்கதைகளில் வெறும் பின்னணி அன்று. 3ஆம் இதழின் நிகழ்ச்சி 1987 ஜூன் 11ஆம் நாள், பிரித்தானியப் பொதுத்தேர்தல் இரவில் நடைபெறுகின்றது. மார்கரெட் தாட்சர் மூன்றாம் முறை வென்ற தேர்தல் அது. அன்று இலண்டனில், பணம் பெருக்கும் இளைஞர் உருவில் அலகைகள் உயிர்களைப் பங்குகள்போல் வாங்கி விற்கின்றன. கட்சிச் சார்பு வெளிப்படையாகத் தோன்றும் கதையே அது. மாற்றுக் கட்சியாரை அது நடத்தும் முறையில் நடுவுநிலை இல்லை என்று கூறுவாரை யாம் மறுக்கவில்லை. ஆயினும் அச்சத்துக்குத் தொல்காப்பியர் கூறிய அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் மூன்றனை ஒரே வாணிக நிலையத்தில் கூட்டிவைத்த டெலானோ, நம் நூலை அறியாதவராயினும், அச்சத்தின் இலக்கணத்தை அறிந்தவரே.

இத்தொடரின் சிறப்புகளுள் மற்றொன்று தலைவன் மூப்பெய்துதல். அமெரிக்கப் படக்கதைத் தலைவர்கள் பெரும்பாலும் ஆண்டுகள் கழிந்தும் அகவை கழியாதவர்கள். 1953இல் பிறந்தவனாகக் கூறப்பட்ட கான்ஸ்டன்டைனோ, படிப்போரோடு சேர்ந்து முதிர்ந்தான். 63ஆம் இதழில் அவனுக்கு நாற்பது நிறைந்தது. பிணியும் உடன் வந்தது. 1991இல் கார்த் என்னிஸ் எழுத்தில், வில் சிம்சன் ஓவியத்தோடு 41ஆம் இதழில் தொடங்கி 46ஆம் இதழில் முடியும் 'டேஞ்சரஸ் ஹேபிட்ஸ்' என்னும் பகுதியில், புகைப்பழக்கத்தால் அவனுக்கு நுரையீரற் புற்றுநோய் காண்கின்றது. இங்குச் சிந்தும் குருதி அலகையால் வருவது அன்று, இருமலால் வருவது. எந்த மருத்துவமனையிலும் காணக்கூடியது அது. அதனாலேயே நம்மை மிகுதியும் கலக்குகின்றது. தன் உயிரை நரகின் தலைவர்களுக்குத் தனித்தனியே விற்றுவிடுகின்றான் அவன். அவன் இறந்தால் அவ்வுயிருக்காக அவர்கள் தம்முட் போரிட வேண்டும். அஃது அவர்கள் அழிவில் முடியும். ஆகவே வேறு வழியின்றி அவர்களே அவன் நோயைத் தீர்க்கின்றனர். சூழ்ச்சியின் நயத்தைப் போற்றாதார் இலர். ஆயினும் அதே மருத்துவமனையில் அவனோடு நட்புக்கொண்ட மேட் என்னும் முதியவர் எந்தச் சூழ்ச்சியும் அறியாதவர். அதே நோயால் இறந்துவிடுகின்றார். அப்பகுதியைப் படிப்போர் சூழ்ச்சியை நினைவிற் கொண்டு முதியவரை மறந்துவிடுதல் உண்டு. என்னிஸ் மறக்கவில்லை என்பது எம் கருத்து.

படக்கதையினின்று பிற வடிவங்களுக்கு மாறியபோது நேர்ந்தவை எம் கருத்துக்கு அரண் செய்கின்றன. 2005இல் பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கிய திரைப்படம் கதையை இலண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலிசுக்குக் கொண்டுசென்றது. கீனு ரீவ்சின் கரிய தலைமுடி பற்றிப் பழைய படிப்பாளர் பூசலிட்டனர். அது சிறிய செய்தி. பெரிய மாற்றம் பழியில் நேர்ந்தது. அங்குத் தலைவனின் குற்றம், இளமையில் அவன் தற்கொலைக்கு முயன்றமை. அதனால் அவன் உயிர் நரகுக்கு உரியதாகிவிட்டது. நண்பர்கள் அங்கும் இறக்கின்றனர். ஆனால் பகைவர் கையால் இறக்கின்றனர். கடன் அவனுக்கும் கடவுளுக்கும் இடையதாகச் சுருங்கிவிடுகின்றது. முடிவில் அவன் பிறர்க்காகத் தன்னைக் கொடுக்கின்றான்; அதனாற் குற்றம் தீர்கின்றது. ஒழுங்கான முடிவுதான். ஆனால் ஆஸ்ட்ராவின் கைக்கு அங்கு இடமில்லை.

2014இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இதனினும் நெருங்கி வந்தது. மேட் ரயன் தலைவனாக நடித்தார். கேரியின் கதையும் ஓர் இயலாயிற்று. எனினும் அங்குக் கேரி தனக்கு நேரவிருப்பதை அறிந்து இசைகின்றான். கான்ஸ்டன்டைன் இறுதிவரை அருகமர்ந்திருக்கின்றான். காட்சி உருக்கமானதே. ஆனால் இசைவு வந்தவுடன் இளிவரல் அழுகையாகிவிடுகின்றது. தலைவனுக்காகவும் நாம் இரங்கத் தொடங்கிவிடுகின்றோம். மூலத்தில் அவ்விரக்கத்துக்கு இடம் குறைவு. உடல் வற்றும் காட்சி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, மெய்ப்பாடு வேறு. குருதியின் அளவு அன்று, அதற்கு யார் பொறுப்பு என்பதே சுவையை வரையறுக்கின்றது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

300ஆம் இதழுக்குப் பின்னர்ப் பதிப்பகத்தார் அகவை குறைந்த ஒரு கான்ஸ்டன்டைனை வான்வழிப் பறக்கும் வீரர்களின் உலகிற் குடியேற்றினர். இளிவரலின் முதல் நிலைக்களனாகிய மூப்பு அவ்வாறு நீங்கியது. 2019 முதல் 2020 வரை சைமன் ஸ்பரியர் எழுத்தில் பழையவன் மீண்டும் இலண்டன் தெருக்களுக்கு வந்தான். பன்னிரண்டு இதழ்களோடு அத்தொடரும் நின்றுவிட்டது.