இந்தியாவில் சிசு இறப்பு வீதம்

ஒரு பகுதியில் ஓராண்டில் உயிருடன் பிறக்கும் 1000 குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பதைக் காட்டும் எண் சிசு இறப்பு வீதம் எனப்படும். ஒரு சமுதாயத்தின் உடல்நலத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் அறிய உதவும் முதன்மையான அளவீடுகளுள் இதுவும் ஒன்று.

கணக்கிடும் முறை

ஒரு மாவட்டத்தில் ஓராண்டில் 20,000 குழந்தைகள் உயிருடன் பிறந்து, அவ்வாண்டில் ஒரு வயதிற்குட்பட்ட 300 குழந்தைகள் இறந்ததாகக் கொள்வோம். 300ஐ 20,000ஆல் வகுத்து 1000ஆல் பெருக்கினால் 15 கிடைக்கும். இதுவே அம்மாவட்டத்தின் சிசு இறப்பு வீதம். இறந்தே பிறந்த குழந்தைகள் இக்கணக்கில் சேர்வதில்லை.

இந்தியாவில் மாதிரிப் பதிவு முறை என்னும் கணக்கெடுப்பின் மூலம் இவ்வீதம் மதிப்பிடப்படுகிறது. 1971இல் 129 ஆக இருந்த வீதம், 2020இல் 28 ஆகக் குறைந்தது. ஆனால் இது சராசரி மட்டுமே. அதே 2020இல் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43 என வீதம் வேறுபட்டது. நாடு முழுவதும் நகர்ப்புறத்தில் 19, கிராமப்புறத்தில் 31 ஆக இருந்தது.

எப்போது இறக்கின்றன?

எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பதோடு, எந்த வயதில் இறக்கின்றன என்பதையும் அறிய வேண்டும். 2020ஆம் ஆண்டின் 28 இறப்புகளில் 20 இறப்புகள் பிறந்த முதல் 28 நாட்களுக்குள் நேர்ந்தவை. அவற்றிலும் 15 இறப்புகள் முதல் வாரத்திலேயே நேர்ந்தவை. அதாவது, ஓராண்டுக்கால ஆபத்தில் பாதிக்கு மேல் முதல் ஏழு நாட்களில் அடங்கிவிடுகிறது. ஆகவே பேறுகாலத்திலும் அதையடுத்த சில நாட்களிலும் கிடைக்கும் கவனிப்பே பெரும்பாலும் குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கிறது.

மருத்துவக் காரணங்கள்

முதல் மாத இறப்புகளுக்குக் குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடுகள் ஆகியவை முக்கியக் காரணங்கள். 37 வாரங்களுக்கு முன் பிறப்பது குறைமாதப் பிறப்பாகும். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக உள்ள குழந்தைக்கு உடல்சூடு எளிதில் குறைந்துவிடும். தொற்றும் எளிதில் பற்றும். முதல் மாதத்திற்குப் பின் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் முன்னிற்கின்றன.

சமூகக் காரணங்கள்

மருத்துவக் காரணத்திற்குப் பின்னால் சமூகக் காரணம் ஒன்று பெரும்பாலும் மறைந்திருக்கும். இளவயதுத் திருமணம், தாயின் இரத்தசோகை, அடுத்தடுத்த பிரசவம் ஆகியவை எடைக்குறைந்த பிறப்புக்கு வழிவகுக்கின்றன. தூய குடிநீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் வயிற்றுப்போக்கு பெருகும். படித்த தாய் நோயின் அறிகுறியை முன்னதாக உணர்ந்து மருத்துவரை நாடுகிறாள். பெண் குழந்தையைப் பாரமாக எண்ணும் மனப்போக்கும் உயிரைப் பறித்துள்ளது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதே இதற்குச் சான்று.

குறைக்கும் வழிகள்

மகாராட்டிர மாநிலம் கட்சிரோலியில் மருத்துவத் தம்பதியரான அபய் பங், ராணி பங் ஆகியோர் 1990களில் 39 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். மூச்சுத்திணறும் குழந்தைக்கு உதவுதல், உடல்சூட்டைக் காத்தல், தொற்றின் அறிகுறிகளைக் கண்டு மருந்து அளித்தல் ஆகியவற்றில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர். ஒப்பீட்டுக் கிராமங்களோடு நோக்க, மூன்றாம் ஆண்டில் முதல் மாத இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 1999இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பின்னர் 2011 முதல் ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கும் திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், எடைகுறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு, உரிய காலத்தில் தடுப்பூசி, வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவை செலவு குறைந்த, பயன் மிகுந்த வழிகள்.

2030ஆம் ஆண்டிற்குள் முதல் மாத இறப்பை 1000 பிறப்புகளுக்கு 12 என்ற அளவிற்காவது குறைக்க வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் வளர்ச்சி இலக்கு. 2020இல் இந்தியாவில் இது 20. இந்த இடைவெளியில் உள்ள ஒவ்வோர் ஆயிரத்திலும் எட்டுக் குழந்தைகள் காப்பாற்றக்கூடியவையே.