கார் கதவுல சின்ன டென்ட்டா? கிளெய்ம் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!

இஎம்ஐ கட்டி ஆசையா வாங்கின கார். மால்ல நிறுத்திட்டு வந்து பார்த்தா, பக்கத்து வண்டிக்காரர் கதவைத் திறந்து இடிச்சதுல ஒரு டென்ட். வயிறு எரியும். ஆனா அவசரப்பட்டு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டுடாதீங்க.

தொடர்ந்து 5 வருடம் கிளெய்ம் இல்லைன்னா, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50% நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கும். ஒரு கிளெய்ம் போட்டாலே அது பூஜ்யம். மறுபடி 20, 25, 35, 45 என்று படியேறித்தான் 50-ஐத் தொடணும்.

தள்ளுபடிக்கு முன் அந்த பிரீமியம் வருடம் ரூ.12,000 என்று வைப்போம். உங்க இழப்பு: ரூ.6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600. மொத்தம் ரூ.15,000! 'என்சிபி புரொடெக்ட்' எடுத்திருந்தா மட்டும் கணக்கு வேற.

பெயின்ட் உரியலையா? பெயின்ட் அடிக்காமலே டென்ட் எடுக்கிறவங்ககிட்ட முதல்ல ரேட் கேளுங்க. இழப்பைவிடக் கம்மின்னா கைக்காசு போடுறதே லாபம்.

இனிமே தூண் ஓரமா, கடைசி ஸ்லாட்ல நிறுத்துங்க. கொஞ்சம் நடக்கணும், பரவாயில்லை. நீங்க இறங்கும்போதும் கதவைக் கையில பிடிச்சுத் திறங்க. பக்கத்துல நிக்கிறதும் யாரோ இஎம்ஐ கட்டுற வண்டிதான்!