ரெக்கார்டிங் கடை கட்டிய தொண்ணூறுகள்

தொண்ணூறுகளின் தமிழ்த் திரைப்பாட்டு என்று இன்று ஏக்கத்தோடு பேசப்படுவதைக் கட்டியெழுப்பியதில் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் அடுத்தபடி பங்கு ஒருவருக்கு உண்டு. அவர் ஊர்தோறும் இருந்த ரெக்கார்டிங் கடைக்காரர். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்ற வரிசை, எது நினைவில் தங்கும் என்ற தேர்வு இரண்டும் அவர் கடையில்தான் நடந்தன. திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் போன்ற ஊர்களில் ‘பாட்டு பதிவு செய்து தரப்படும்’ என்ற பலகையோடு இயங்கிய இந்தக் கடைகள் தொகுப்பு கேசட்டை ஒரு வீட்டுப் பொருளாக்கின.

கேசட்டை 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அது வேரூன்ற மேலும் பதினைந்து ஆண்டுகள் போல ஆயின. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த, வானொலியும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்களும், எழுபதுகளின் இறுதி முதல் தளர்ந்த இறக்குமதிக் கட்டுப்பாடும் வழி திறந்துவிட்டன. இசைத்தட்டுக் காலத்தில் கிராமபோன் கம்பெனி, அதாவது எச்.எம்.வி., ஏறக்குறைய தனிக்காட்டு ராஜா. கேசட்டுக்குப் பெரிய ஆலை தேவைப்படவில்லை. ஆகவே சிறு கம்பெனிகள் பெருகின. எண்பதுகளில் இளையராஜாவின் பாடல்களில் பெரும்பகுதி எக்கோ நிறுவனத்திடம் இருந்தது. ‘தளபதி’, ‘ரோஜா’ ஆகியவற்றை பெங்களூரின் லஹரி வெளியிட்டது. பிறகு பிரமிட் வந்தது. சங்கீதா, இன்ரிகோ என்று இன்னும் பல.

இந்தப் பங்கீடுதான் தொகுப்பு கேசட்டின் கதைக்கு அச்சாணி. கம்பெனி கேசட்டுகளில் பெரும்பாலும் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் இருக்கும். தேடிவந்த பாட்டு ஒன்றோ இரண்டோ. மீதியெல்லாம் உடன் வந்தவை. கம்பெனியே ‘ஹிட்ஸ்’ என்று தொகுத்தாலும் தன்னிடம் உரிமை உள்ள பாடல்களைத்தான் தொகுக்க முடியும். எக்கோவின் பாட்டும் லஹரியின் பாட்டும் ஒரே நாடாவில் அடுத்தடுத்து வரவேண்டுமென்றால் அதற்கு ஒரே இடம், ரெக்கார்டிங் கடை.

வேலை எளிமையானது. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதித் தருவார். முதலடி மறந்தவர் கடையிலேயே முணுமுணுத்துக் காட்டுவதும் உண்டு. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம்; நாலரை நிமிடப் பாட்டு ஆறு அடங்கும். தொண்ணூறு நிமிடக் கேசட் என்றால் பதினெட்டு, இருபது வரை போகும், ஆனால் நாடா மெல்லியது, சிக்கிக்கொள்ளும் என்று பழக்கப்பட்டவர்கள் அறுபதையே கேட்டார்கள். பக்கத்தின் கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடம்தான் கடைக்காரரின் கைத்திறனைச் சோதிக்கும் இடம். நல்லவர் அதற்கேற்ற சிறிய பாட்டாகத் தேடிப் போடுவார். மற்றவர் ஒரு பாட்டைத் தொடங்கிப் பாதிச் சரணத்தில் விட்டுவிடுவார். அப்படி அறுந்த பாட்டுகளை அறுந்த இடத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதிவு முடிந்ததும் கடைக்காரர் உறைக்குள் இருக்கும் அட்டையில் கையால் பட்டியல் எழுதுவார். கேசட்டின் மேல் ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட்டால் வேறு பாட்டு பதிய முடியாது, உடைத்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி முடியும். கேசட் பற்றிய ஏக்கக் கட்டுரைகள் எல்லாம் பென்சிலால் நாடா சுற்றியதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சொல்லத் தகுந்தது இந்தக் கையெழுத்துப் பட்டியல்தான்.

சட்டத்தின் கண்ணில் இப்படிப் பாட்டு பதிந்து விற்பது குற்றம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது தண்டனை கூடியது. கேசட் உறையில் தயாரித்தவர் பெயரும் முகவரியும் உரிமையாளர் பெயரும் இருக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. ரெக்கார்டிங் கடைக் கேசட்டில் இருந்ததோ பாட்டின் முதலடி மட்டும். இசையமைப்பாளருக்கும் கம்பெனிக்கும் அதில் ஒரு காசு போகவில்லை என்பது மறுக்க முடியாத குறை. ஆனால் ஊரார் எதைக் கேட்டார்கள் என்பதற்கு அதைவிட நேர்மையான ஆவணமும் கிடையாது.

பிரிட்டனில் இதே காரியம் வேறு விதமாக நடந்தது. அங்கே 1983இல் வர்ஜின், ஈ.எம்.ஐ. இரண்டும் கைகோத்து, வெவ்வேறு கம்பெனிப் பாடல்களை ஒன்றாக்கி ஒரு தொகுப்பு வரிசையைத் தொடங்கின. விற்பனைப் பட்டியலில் தொகுப்புகளே முன்னால் நின்றதால் 1989 முதல் அவற்றுக்குத் தனிப் பட்டியல் போட வேண்டியதாயிற்று. ஒயாசிஸ், பிளர், பல்ப் போன்ற தொண்ணூறுகளின் கிதார் குழுக்களை இன்றைய பிரிட்டன் நினைவுகூர்வதில் இத்தகைய தொகுப்புகளுக்குப் பெரும் இடம் உண்டு. அங்கே கம்பெனிகள் உட்கார்ந்து பேசிச் செய்த வேலையை இங்கே கடைக்காரர் யாரையும் கேட்காமல் செய்தார்.

தொகுப்பவர் மாறினால் பத்தாண்டின் முகமே மாறும் என்பதற்குத் திருவண்ணாமலையின் பெயரைத் தாங்கிய படங்களே சான்று. 1992 ஜூனில் ‘அண்ணாமலை’ வந்தது, ஆகஸ்டில் ‘ரோஜா’. இரண்டும் கே. பாலசந்தரின் கவிதாலயா தயாரிப்புகள். ரஜினிகாந்தின் பெயர் எழுத்து எழுத்தாய்த் திரையில் வரும்போது ஒலிக்கும் தேவாவின் இசை முதலில் வந்தது ‘அண்ணாமலை’யில்தான். 1997இல் அதே மலையின் இன்னொரு பெயரில் ‘அருணாச்சலம்’ வந்தபோதும் இசை தேவாவே. ஆயினும் 1992 என்றால் இசை பற்றி எழுதுகிறவர்கள் ‘ரோஜா’வையும் ஏ.ஆர். ரஹ்மானையும் மட்டுமே குறிப்பிடுகிறார்கள். ஆட்டோவிலும் டீக்கடையிலும் மைக்செட்டிலும் ஒலித்த தொண்ணூறுகளில் தேவா, சிற்பி, எஸ்.ஏ. ராஜ்குமார், வித்யாசாகர், ஆதித்யன் எல்லோரும் இருந்தார்கள். போதாததற்கு ‘மோகன் ஹிட்ஸ்’, ‘காதல் தோல்விப் பாடல்கள்’, ‘தத்துவப் பாடல்கள்’ என்று முந்தைய பத்தாண்டுகளும் அதே கேசட்டுகளில் புழங்கின. தொண்ணூறுகளில் வாழ்ந்தவர்கள் தாங்களும் பழைய பாட்டுக்கு ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

திருவண்ணாமலை போன்ற கோயில் ஊரில் பக்திக் கேசட்டை விட்டுவிட்டுப் பேச முடியாது. பௌர்ணமி கிரிவலம் தொண்ணூறுகளில் பெருங்கூட்டத் திருவிழாவாக வளர்ந்தது; பதினான்கு கிலோமீட்டர் பாதை பாட்டு விற்கவும் ஏற்ற இடமாயிற்று. டி.எம். சௌந்தரராஜன், எல்.ஆர். ஈஸ்வரி, சூலமங்கலம் சகோதரிகள் என்ற பழைய வரிசையோடு எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய லிங்காஷ்டகமும் சேர்ந்தது. இளையராஜா திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமணர் மீது ‘ரமண மாலை’ என்று தனித் தொகுப்பே தந்திருக்கிறார். திரைப்பாட்டுக் கேசட் மறைந்த பிறகும் கோயில் ஊர்களில் பக்திக் கேசட் சில காலம் தாக்குப்பிடித்தது; வாங்குபவருக்கு அது பாட்டாக மட்டுமல்ல, ஊருக்குப் போய்வந்த அடையாளமாகவும் இருந்ததே காரணம்.

இரண்டாயிரத்துக்குப் பின் எம்பி3 சிடி வந்து நூறு பாட்டை ஒரே தட்டில் அடைத்தது. பின் பென்டிரைவ். இடப்பற்றாக்குறை போனதும் தேர்வும் போயிற்று. பன்னிரண்டு பாட்டுக்குள் அடக்கவேண்டிய கட்டாயம் இல்லாதபோது வரிசைக்கு மதிப்பில்லை. 2017இல் சரிகம, பழைய எச்.எம்.வி.யேதான், பாடல்களை முன்பே ஏற்றிய ‘கார்வான்’ பெட்டியைக் கொண்டுவந்து முதியவர்களின் ஏக்கத்தை நல்ல வியாபாரமாக்கியது. தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு அந்த வேலையை இப்போது சினிமாவே செய்கிறது. ‘அசுரன்’ படத்துக்காக 1995இல் ஆதித்யன் இசையமைத்த பாட்டு, 2022இல் ‘விக்ரம்’ படத்தின் ஒரு சண்டைக்காட்சியில் ஒலித்து, 1995இல் பிறந்தேயிராத பிள்ளைகளின் வாயிலும் ஏறியது. 2018இல் வந்த ‘96’ ஒரு படம் முழுவதையும் பழைய பாட்டின் மீது நிறுத்தியது.

உரிமைச் சண்டையும் கூடவே வந்திருக்கிறது. 2017இல் இளையராஜா, மேடையில் தம் பாடல்களைப் பாடுவது குறித்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். 2024இல் ‘குணா’ பாட்டுக்காக ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தயாரிப்பாளர்களுக்கு. ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டு. அதன்படி 1992இன் பாடல்கள் 2052 முடியும்வரை கம்பெனிகளின் கையில் இருக்கும். ஏக்கம் எந்தப் பாட்டின் மீது வரலாம் என்பதை அதுவரை பெரும்பாலும் அவர்களே முடிவு செய்வார்கள்.

ரெக்கார்டிங் கடைக் கேசட்டுகள் பரணில் இருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன், உறைக்குள் இருக்கும் பட்டியலை மட்டுமாவது போனில் படமெடுத்து வைக்கலாம். பாட்டு இணையத்தில் கிடைத்துவிடும். பட்டியல் வேறெங்கும் கிடைக்காது.