கதைக் கடலும் வாய்ப்பூட்டும்

அரசியல் தொண்டில் ஈடுபட்டோர் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட கதைப் புத்தகத்தைக் கையில் எடுப்பது அபூர்வம். கூட்டங்கள், தீர்மானங்கள், தேர்தல்கள் என்று ஓயாத வேலைகளுக்கிடையே பேசும் பறவைக்கும் நீர்ப் பூதத்துக்கும் அவகாசம் ஏது என்று அவர்கள் கேட்பார்கள். உண்மையல்லாத கதைகளால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்றும் கேட்கக் கூடும். இந்த இரண்டாவது கேள்வியையே அச்சாணியாகக் கொண்டு ஒரு நாவல் எழுதப்பட்டிருக்கிறது. சல்மான் ருஷ்டி 1990-ல் வெளியிட்ட ‘ஹாரூனும் கதைக் கடலும்’ என்னும் அந்நூலை நமது நேயர்கள், அவர்களிலும் முக்கியமாக மேடையேறிப் பேசுவோர், ஒருமுறையேனும் வாசிக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

நூல் பிறந்த சந்தர்ப்பத்தை முதலில் சொல்லிவிடுவோம். ருஷ்டி 1988-ல் எழுதிய ‘சாத்தானின் வசனங்கள்’ என்ற நாவல் தங்கள் மதத்தை அவமதிப்பதாகப் பல தேசத்து முஸ்லிம்கள் மனம் புண்பட்டனர். 1989 பிப்ரவரி 14-ந் தேதி ஈரானின் மதத் தலைவர் கோமெய்னி, அவரைக் கொல்லவேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். அன்று தொடங்கி ருஷ்டி இங்கிலாந்தில் போலீஸ் காவலில் தலைமறைவாக வாழ நேர்ந்தது. அவருடைய மகன் ஜாபருக்கு அப்பொழுது பத்து வயதுகூட நிறையவில்லை. அடுத்து எழுதும் புத்தகம் உனக்காகவே என்று மகனுக்குக் கொடுத்திருந்த வாக்கைத் தகப்பனார் மறைவிடத்திலிருந்தே நிறைவேற்றினார். சமர்ப்பணமாக உள்ள ஐந்து வரிகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் அந்தப் பையனின் பெயர் வரும்.

கதையின் போக்கு இது. தன் பெயரையே மறந்துபோகும் அளவுக்குத் துயரம் மிகுந்த ஒரு நகரம். அங்கே ரஷீத் கலீபா என்று ஒரு கதைசொல்லி. அவருடைய மகன் ஹாரூன். ரஷீதின் மனைவி ஸொராயா, கற்பனையை அறவே வெறுக்கும் அண்டைவீட்டுக் குமாஸ்தாவான சென்குப்தாவுடன் போய்விடுகிறாள். உண்மையல்லாத கதைகளால் என்ன பயன் என்று அந்தக் குமாஸ்தா கேட்ட கேள்வியை, ஆத்திரத்தில் ஹாரூனே தன் தகப்பனாரிடம் கேட்டுவிடுகிறான். அவ்வளவுதான்! ரஷீதின் நா கட்டுண்டு போகிறது. கதை வருவதில்லை. இழந்த வரத்தை மீட்க ஹாரூன் கதைகளின் மூலஸ்தானமான கடலைத் தேடி, கஹானி என்னும் கண்ணுக்குப் புலப்படாத சந்திரனுக்குப் போகிறான்.

அரசியல்வாதிகளைப் பற்றி இந்நூல் சொல்வதை நமது நேயர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். சிரித்த பிறகு சற்று யோசிக்கவும் நேரும். தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் ரஷீதைக் கூலி பேசி அழைத்துப் போகிறார்கள். தங்கள் வார்த்தையை ஜனங்கள் நம்புவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். ரஷீதையோ எல்லோரும் நம்புகிறார்கள். அவர் ஒருவர்தான் தாம் சொல்வது முழுதும் கட்டுக்கதை என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்பவர்! பட்டூ என்ற ஆட்சியாளன், தன் புகழைப் பாடும் உற்சாகக் கதைகள் மட்டுமே வேண்டும், துயரக் கதை உதவாது என்று நிபந்தனை போடுகிறான். இத்தகைய நிபந்தனைகளை எந்தக் கட்சியும் போட்டதில்லை என்று சொல்லக்கூடிய நேயர் யாராவது இருந்தால் நமக்கு எழுதலாம்.

சந்திரலோகத்தில் இரண்டு நாடுகள். ஓயாமல் பேசுவோரின் குப் நாட்டில் என்றும் பகல். மௌன விரதிகளின் சுப் நாட்டில் என்றும் இரவு. சுப் நாட்டின் தலைவன் கத்தம்-ஷுத், அதாவது ‘தீர்ந்தது’ என்று பொருள்படும் பெயருடையவன், கடலிலுள்ள ஒவ்வொரு கதையிலும் அதற்கேற்ற நஞ்சைக் கலக்கிறான். கதை ஊறும் கண்ணையே அடைத்துவிட ஒரு பிரம்மாண்டமான மூடியும் தயாரிக்கிறான். ஏன் இந்த ஆத்திரம்? உலகத்தை ஆளவேண்டும் என்பது அவன் கொள்கை. ஒவ்வொரு கதைக்குள்ளும் அவன் ஆணை செல்லாத ஒரு தனி உலகம் இருக்கிறது. கற்பனையின் வலிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்யாமல், அதன் விரோதியின் பயத்தைக் கொண்டே அதை அளந்து காட்டியிருப்பது நல்ல யுக்தி. பத்திரிகைகளுக்கும் பேச்சாளர்களுக்கும் வாய்ப்பூட்டுப் போட்ட சர்க்கார்களின் பயமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

குப் நாட்டுச் சேனையின் வர்ணனையைத் தனியே குறிப்பிட வேண்டும். சிப்பாய்களுக்குப் ‘பக்கங்கள்’ என்று பெயர். தளபதியின் பெயரே ‘கிதாப்’. சேனாதிபதியின் திட்டத்தை ஒவ்வொரு சிப்பாயும் தாராளமாக ஆட்சேபிக்கிறான். சேனாதிபதியும் அந்த விவாதத்தில் உற்சாகமாகக் கலந்துகொள்கிறார். இந்தக் கூட்டம் எப்படிப் போர் புரியும் என்று ஹாரூன் திகைக்கிறான். நாமும் திகைத்தோம். போர் மூண்டதும் விஷயம் வேறு விதமாகிறது. எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசித் தீர்த்தவர்கள் ஓருடலாக நின்று போரிடுகிறார்கள். இரகசியத்திலும் மௌனத்திலும் பழகிய சுப் வீரர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துச் சிதறுகிறார்கள். கட்சிக்குள் கேள்வி கேட்பவனைத் துரோகி என்று வசைபாடும் தலைவர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு தரம் படிக்கலாம்.

நிற்க. ஆசிரியர் ஒரு பக்கத்தை வெள்ளையாகவும் மறுபக்கத்தைக் கறுப்பாகவும் பூசிவிடவில்லை. சந்திரன் சுழலாதபடி தடுத்துச் சூரிய வெளிச்சம் முழுவதையும் தமக்கே வைத்துக்கொண்டவர்கள் குப் நாட்டினர்தாம். சுப் நாட்டின் முடிவில்லாத இருளுக்கு அவர்களும் பொறுப்பாளிகள். முத்ரா என்ற நிழல்வீரன் கை அபிநயத்தாலேயே பேசுகிறான். மௌனத்துக்கும் ஓர் அழகுண்டு என்று அவனைப் பார்த்தே ஹாரூன் அறிகிறான். தாய் பிரிந்த நாள்முதல் பதினொரு நிமிஷத்துக்கு மேல் ஒன்றிலும் மனம் நிலைக்காத அந்தச் சிறுவன், கடைசியில் அந்த எல்லையைக் கடந்து மனத்தை ஒருமுகப்படுத்தி, சந்திரன் சுழலவேண்டும் என்று விரும்புகிறான். சந்திரன் சுழல்கிறது, சுப் நாட்டில் சூரியன் உதிக்கிறது, நிழல்கள் உருகுகின்றன.

குறைகளும் உண்டு. ஸொராயா திரும்பி வருவது மிகச் சுலபமாக முடிந்துவிடுகிறது. அவள் ஏன் போனாள் என்பதை ஆசிரியர் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். இளவரசியின் மூக்கையும் குரலையும் பரிகசிப்பது முதல் தடவை சிரிப்பூட்டுகிறது, பிறகு சலிப்பூட்டுகிறது.

கதைகளின் கடல் என்ற கருத்து நம் தேசத்துக்குப் புதிதன்று. பதினொன்றாம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர், அரசி சூரியவதியின் மனத்தை மகிழ்விக்க இயற்றிய ‘கதாசரித்சாகரம்’ என்பதன் பொருளே கதை நதிகளின் கடல் என்பது. அதன் தொடக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. குணாட்டியர் பைசாச பாஷையில் ஏழு லட்சம் சுலோகங்களைத் தம் இரத்தத்தால் எழுதி சாதவாகன மன்னனுக்கு அனுப்ப, மன்னன் அதை இகழ்ந்து தள்ளினான். மனமுடைந்த குணாட்டியர் காட்டில் தீ வளர்த்து, ஒவ்வோர் ஏடாகப் படித்து நெருப்பிலிட்டார். விலங்குகள் மேய்ச்சலை மறந்து கண்ணீர் சொரியக் கேட்டுக்கொண்டிருந்தன. இளைத்த விலங்குகளின் மாமிசத்தை உண்டு நோயுற்ற மன்னன் காரணம் விசாரித்து ஓடி வருவதற்குள் ஆறு லட்சம் சாம்பலாயிற்று. எஞ்சியது ஒரு லட்சமே. அந்தப் பிருகத்கதையின் வழியில் வந்ததே நமது கொங்குவேளிரின் ‘பெருங்கதை’. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1924-ல் அதைப் பதிப்பித்தபொழுது முதலும் முடிவும் கிடைத்தபாடில்லை.

ஹாரூனின் கதையில் ரஷீத் இறுதியில் நா மீண்டு, பட்டூவின் கூட்டத்திலேயே கத்தம்-ஷுத்தின் கதையைச் சொல்கிறார். கேட்ட ஜனங்கள் கத்தம்-ஷுத் யார் என்று கண்டுகொண்டு பட்டூவை விரட்டி விடுகிறார்கள். ருஷ்டியின் வாழ்க்கை அவ்விதம் முடிந்துவிடவில்லை. ‘சாத்தானின் வசனங்கள்’ நாவலை ஜப்பானிய பாஷையில் மொழிபெயர்த்தவர் 1991-ல் கொலையுண்டார். 2022 ஆகஸ்டு 12-ந் தேதி அமெரிக்காவில் ஷாடாக்குவா என்னுமிடத்தில், நாடு துறந்த எழுத்தாளர்களுக்குப் புகலிடம் அளிப்பது பற்றிப் பேச மேடையில் அமர்ந்திருந்த ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டு, வலக் கண்ணின் பார்வையை இழந்தார்.

நம் நாட்டில் அந்த நாவலை இறக்குமதி செய்வது 1988 அக்டோபரில், சுங்கச் சட்டத்தின் கீழ், தடுக்கப்பட்டது. அத்தடையை எதிர்த்து ஒரு வாசகர் 2019-ல் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். தடை உத்தரவின் நகலைக் கோர்ட்டார் கேட்டபொழுது, சர்க்காரின் எந்த இலாகாவினாலும் அதை எடுத்துக் காட்ட இயலவில்லை. அப்படி ஓர் உத்தரவு இல்லையென்றே கொள்ளவேண்டியிருக்கிறது என்று 2024 நவம்பரில் கோர்ட்டார் முடிவு கூறினர். அடுத்த மாதமே புத்தகம் டில்லியில் கடைக்கு வந்தது.