காலத்தை நம்பிய திராட்சைத் தோட்டங்கள்

இத்தாலியர் திராட்சை மதுவை ஆடம்பரப் பொருளாகக் கருதியவர்கள் அல்லர். வயலிலிருந்து திரும்பிய குடியானவனும் மாளிகையில் விருந்தளித்த பிரபுவும் ஒருங்கே அதை அன்றாட ஆகாரத்தின் ஓர் அங்கமாகவே பாவித்து வந்தனர். அத்தகைய தேசத்தில், ஓரிரண்டு ஆண்டுக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது என்று எண்ணப்பட்ட பானத்தை, இருபது முப்பது ஆண்டுகள் நிலவறையில் காத்துவைத்து, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கத்தக்க அரும்பொருளாக உயர்த்திய சில தோட்டங்களின் சரித்திரம், குடிப்பழக்கம் அறவே இல்லாதவர்களும் அறிந்துகொள்ளத்தக்கது. ஏனெனில் அது பெரும்பாலும் நிலத்தையும், காத்திருக்கும் துணிவையும், சட்டத்தோடு நேர்ந்த பிணக்கையும் பற்றியதாகும்.

முதலில், சிவப்பு ஒயின் நெடுங்காலம் உயிரோடிருப்பது எவ்வாறு என்பதைச் சிறிது பார்க்க வேண்டும். கறுப்புத் திராட்சையின் தோலையும் விதையையும் சாற்றோடு சேர்த்தே நொதிக்க விடுவதால், அவற்றிலுள்ள நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்குகின்றன. புது ஒயினில் பாக்கை மென்றாற்போல் வாயைச் சுருக்குகின்ற அந்தத் துவர்ப்பும், பழத்துக்கு இயல்பான புளிப்பும் சேர்ந்து அதைக் கெடாமல் காக்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்பின் நுண்பொருள்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, வண்டலாகப் புட்டிக்குள் படிந்துவிட, மேலே நிற்பது தெளிந்து இதமாகிறது. முதிர்ந்த புட்டியைத் திறந்து கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிது ஊற்றி, வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், நடுவில் மாதுளைச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரியும். புதுப்பழத்தின் வாசனை பின்வாங்கி, பதனிட்ட தோல், புகையிலை, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றின் மணம் மேலெழும். எல்லா ஒயினும் இந்தப் பாக்கியத்தைப் பெறுவதில்லை. பெரும்பாலானவற்றைக் காத்துவைத்தால், சாரமிழந்து சப்பென்று போவதே மிச்சம்.

இனி டஸ்கனி மாகாணத்தின் கடலோரத்துக்கு வருவோம். 1899-ல் ரோமாபுரியில் பிறந்த மாரியோ இஞ்சீஸா தெல்லா ரொக்கெத்தா என்ற பிரபு, பீஸா நகரில் பயின்ற இளமைக் காலத்திலேயே, பிரெஞ்சு நாட்டுப் போர்தோ ஒயின்களிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். 1930-ல் அவர் மணந்துகொண்ட கிளாரிச்சே தெல்லா கெரார்தெஸ்கா என்னும் சீமாட்டியின் வழியாக, பொல்கெரி என்ற சிற்றூரை அடுத்த சான் குய்தோ பண்ணை அவர் வசமாயிற்று. குதிரைகளிடமும் அவருக்கு அபாரமான பற்று உண்டு. குதிரை வளர்ப்பாளர் ஃபெடரிகோ தேசியோவும் அவரும் கூட்டாக நடத்திய லாயத்தின் ரிபோ என்ற குதிரை, 16 பந்தயங்களில் ஓடி ஒன்றிலேனும் தோற்றதில்லை. நல்ல வித்தையும் பொறுமையும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதைக் குதிரை லாயத்தில் கண்டறிந்த மனிதரே பின்னர் கொடி நட்டார் என்பதை நாம் மறக்கலாகாது.

அவர் நட்ட கொடி, உள்நாட்டுச் சாஞ்சோவேசே அன்று. போர்தோ பிரதேசத்துக்குப் புகழ் தேடித் தந்த கேபர்னே சோவின்யான். மகாயுத்தம் இத்தாலிய மண்ணிலேயே நடந்துகொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில், பீஸாவுக்கு அருகே சால்வியாத்தி குடும்பத்தாரின் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த போத்துகளை, காஸ்தில்யொன்செல்லோ என்ற குன்றின் சரிவில் ஒரு சிறு நிலத்தில் ஊன்றினார். கடலோரம் நல்ல சிவப்பு ஒயினுக்கு லாயக்கற்றது என்பது அக்காலத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சித்தாந்தம். முதலில் கிடைத்த ஒயின்களைச் சுவைத்துப் பார்த்தவர்கள், மெல்லிய உள்ளூர் ஒயின்களில் பழகிய நாவினராதலால், இது முரடானது என்று ஒதுக்கிவிட்டனர். 1948 முதல் 1967 வரை இறக்கிய ஒயின் முழுவதும் பண்ணை வீட்டின் உபயோகத்துக்கு மட்டுமே. ஒரு புட்டியும் கடைக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சில பெட்டிகள் நிலவறையில் தங்கின. அவற்றைச் சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோதுதான், குற்றம் என்று சொல்லப்பட்ட முரட்டுத்தனமே அந்த ஒயினின் ஆயுளுக்கு முதல் என்பது விளங்கிற்று.

மகன் நிக்கொலோவும், மனைவியின் சகோதரி மகனான பியேரோ அந்தினோரியும் வற்புறுத்தியதன் பேரில், 1968-ஆம் ஆண்டு அறுவடையின் ஒயின், சஸ்ஸிகாயா என்ற பெயரோடு 1971-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அந்தினோரி குடும்பத்தின் ஒயின் நிபுணரான ஜாகொமோ தாக்கிஸ் அதன் தயாரிப்பைச் செம்மைப்படுத்தினார். பிரெஞ்சு ஓக் மரத்தாலான 225 லிட்டர்ச் சிறு பீப்பாய்களில் அது முதிர்ந்தது. 1978-ல் லண்டனில் 'டிகேண்டர்' பத்திரிகை 11 நாடுகளின் கேபர்னே ஒயின்களை வைத்து நடத்திய பரீட்சையில், 1972-ஆம் ஆண்டுச் சஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. 1985-ஆம் ஆண்டு ஒயினுக்கோ, அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 100-க்கு 100 மதிப்பெண் அளித்தார். இன்றும் சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது அந்த ஆண்டின் புட்டிகளையே. இதைப் பிரெஞ்சுத் திராட்சையின் வெற்றி என்று சொல்வாருண்டு. அக்கருத்தை நான் ஏற்பதற்கில்லை. அதே கொடி உலகின் எத்தனையோ மூலைகளில் நடப்பட்டிருக்கிறது. இங்கோ நீர் தங்காமல் வடியும் கல்லடர்ந்த மண்ணும், வெப்பத்தைத் தணிக்கும் கடற்காற்றும், கிழக்கே அரணாக நிற்கும் குன்றுகளும், அவற்றுக்கெல்லாம் மேலாக, இருபது ஆண்டுகள் ஊதியம் எதிர்பாராமல் தோட்டம் பேணிய ஒரு மனிதரும் ஒன்றுகூடினர்.

இவ்வளவு கீர்த்தி பெற்ற ஒயினின் மேலுறையில் அச்சிடப்பட்டிருந்தது என்ன தெரியுமா? சாதாரண மேசை ஒயின் என்பதே. 1963-ல் இத்தாலிய அரசாங்கம் இயற்றிய பிறப்பிடச் சான்றுச் சட்டம், இன்ன ஊரில் இன்ன திராட்சையை இன்ன விகிதத்தில் சேர்த்தால்தான் சான்று என்று வரையறுத்தது; அந்த வரையறைக்குள் அடங்காதவை எவையாயினும் கடைசி வகுப்பில் சேர்க்கப்பட்டன. கியாந்தி பிரதேசத்துக்கு 1967-ல் வகுத்த விதி இன்னும் விபரீதமானது: சிவப்பு ஒயினாகிய கியாந்தியில் நூற்றுக்குப் பத்து முதல் முப்பது பங்கு வரை வெள்ளைத் திராட்சை கலந்தே தீரவேண்டும். இத்தாலியின் பிரதம மந்திரியாகவும் இருந்த பெத்தீனோ ரிக்காசோலி பிரபு 1872-ல் எழுதிய கடிதமொன்று இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் அவரோ, வெள்ளைத் திராட்சை விரைவில் அருந்தும் ஒயினுக்கே பொருத்தம், முதிர வைப்பதற்கு அது வேண்டாம் என்ற கருத்தினர். பிரபு பிரித்துச் சொன்னதைச் சட்டம் ஒன்றாக்கிவிட்டது. வெள்ளைக் கொடிகளையே மிகுதியாக நட்டிருந்த எண்ணற்ற சிறு விவசாயிகளைக் கைவிடக் கூடாது என்ற நியாயமும் அதற்குள் இருந்திருக்கலாம். அந்த நியாயத்துக்காகக் கியாந்தியின் பெயர் உலகச் சந்தையில் மலிந்து போயிற்று.

1385 முதல் ஒயின் தொழிலில் ஈடுபட்டுவரும் அந்தினோரி வம்சத்தின் பியேரோ, தின்யனெல்லோ என்ற தம் தோட்டத்தின் பெயரையே 1971-ஆம் ஆண்டு ஒயினுக்கு இட்டு, கியாந்தி என்ற புராதனப் பெயரைத் தாமாகவே துறந்தார். சில ஆண்டுகளில் அதிலிருந்து வெள்ளைத் திராட்சை முற்றிலும் நீங்கியது; அதன் இடத்தில் சிறிதளவு கேபர்னே வந்தது. ராத்தா என்ற ஊரில் மொந்தேவெர்தினே தோட்டத்தை நடத்திய செர்ஜியோ மனெத்தி இன்னும் ஒரு படி மேலே சென்று, 1977-ல் சாஞ்சோவேசே ஒன்றையே கொண்டு லெ பெர்கோலே தொர்த்தே என்ற ஒயினை இறக்கினார். பின்பு கியாந்தி உற்பத்தியாளர் சங்கத்தை விட்டே விலகினார். இறுதியில் இணங்கி வந்தது சட்டமே: 1994-ல் சஸ்ஸிகாயாவுக்குப் பொல்கெரியின் பெயரால் சான்று கிடைத்தது, 2006 முதல் கியாந்தியின் மூலப் பகுதியான கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சை சேர்ப்பது தடைசெய்யவும் பட்டது. வடக்கே பியெட்மாண்டில், நெபியோலோ திராட்சையைப் பெரும் மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிரவைத்த கொந்தெர்னோ குடும்பத்தாரின் மொன்ஃபொர்தீனோ என்ற ஒயினும், பார்பரேஸ்கோவில் தனித்தனித் தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியே புட்டியிலிட்ட காயா குடும்பத்தாரின் படைப்புகளும் விரிவாகவே எழுதத் தக்கவை.

புகழ் வளர்ந்த இடத்தில் போலியும் முளைத்தது. 2020-ல் இத்தாலிய நிதிக் காவல்துறையினர் கண்டுபிடித்த கும்பல் ஒன்று, சிசிலித் தீவின் மலிவு ஒயினைத் துருக்கியிலிருந்து தருவித்த புட்டிகளில் அடைத்து, பல்கேரியாவில் அச்சிட்ட மேலுறைகளை ஒட்டி, சஸ்ஸிகாயா என்று விற்க முயன்றது. ஆகவே, பழம்புட்டி வாங்குவோர் இன்று முதலில் விசாரிப்பது, அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது, எங்கே படுத்திருந்தது என்பதையே.

காலத்தை நம்பிக் காத்திருக்கும் விஷயத்தில் நான் எல்லாரினும் உயர்வாக மதிப்பது, டஸ்கனியின் மொந்தால்சீனோ என்ற ஊரைச் சேர்ந்த பியோந்தி சாந்தி குடும்பத்தையாகும். நோய்கள் கொடிகளை வாட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அண்டை அயலார் விரைவில் விற்றுவிடக்கூடிய இளம் ஒயினை நாடியபோது, பெருச்சியோ பியோந்தி சாந்தி, தம் கிரெப்போ தோட்டத்துச் சாஞ்சோவேசேயை வேறெதுவும் கலவாமல் நீண்ட காலம் பீப்பாயில் வைத்து, புருனெல்லோ என்ற ஒயினை 1888-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து உருவாக்கினார். அயல்நாட்டுக் கொடியின் உதவியின்றி, சட்டம் பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே இதைச் சாதித்தார் என்பதே அவருக்குரிய தனிப்பெருமை. பின்வந்தோரும் எல்லா ஆண்டும் சிறப்பு ஒயின் வெளியிட்டாரில்லை. 1888, 1891, 1925, 1945 என்று 1945 முடிய நான்கே ஆண்டுகளின் அறுவடையை அத்தகுதிக்கு ஏற்றதென்று கொண்டனர். 1944-ல் போர்முனை மொந்தால்சீனோவை நெருங்கியபோது, பெருச்சியோவின் மகன் தங்க்ரேதியும் பேரன் பிராங்கோவும் பழம்புட்டிகளைச் சுவரெழுப்பி மறைத்துக் காத்தனர். 1969-ல் எலிசபெத் மகாராணிக்கு லண்டன் இத்தாலியத் தூதரகத்தில் அளிக்கப்பட்ட விருந்தில் இடம்பெற்றது, இவர்களுடைய 1955-ஆம் ஆண்டு ஒயின்.

பல பத்தாண்டுகள் கிடந்த புட்டியில் தக்கை நைந்து, ஒயின் சிறிது சிறிதாக ஆவியாகி மட்டம் இறங்கும். உள்ளே புகுந்த காற்று எஞ்சியதைக் கெடுக்கத் தொடங்கும். இதற்குப் பரிகாரமாக, 1888, 1891 ஆகிய ஆண்டுகளின் புட்டிகளைத் தங்க்ரேதி 1927-ல் திறந்து மீண்டும் நிரப்பினார். பின்னர் சேகரிப்பாளர்களும் தங்கள் புட்டிகளைக் கிரெப்போவுக்கு எடுத்துவரும் வழக்கம் ஏற்பட்டது. பழந்தக்கை உதிர்ந்துவிடாதபடி மெதுவாக இழுத்து, சில துளிகளை முகர்ந்து சுவைத்து, குறையில்லை என்று கண்டால், அதே ஆண்டின் ஒயினைக்கொண்டே குறைந்த மட்டத்தை நிரப்பி, புதிய தக்கை செருகினார்கள். பிற ஆண்டின் ஒயின் ஒரு துளியும் அதில் சேர்ந்ததில்லை. ஆகையால், சேகரிப்பாளரின் சில புட்டிகளைக் காப்பதற்குத் தோட்டத்தார் தங்கள் நிலவறையிலுள்ள அந்த ஆண்டுப் புட்டி ஒன்றைத் திறந்தாக வேண்டியிருந்தது.