வளைவேற்றத்தில் தள்ளப்படும் சரக்கு ரயில்

தென்மேற்கு ரயில்வேயின் மைசூரு கோட்டத்துக்கு உட்பட்ட சுப்ரமண்யா ரோடு – சக்லேஷ்பூர் மலைப்பாதை, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தையும் தக்காணப் பீடபூமியையும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் இணைக்கிறது. 57 சுரங்கங்களும் எண்ணற்ற வளைவுகளும் கொண்ட இப்பாதையின் ஏற்றம் 50-க்கு 1, அதாவது 50 மீட்டர் முன்னேறும் ரயில் ஒரு மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். இத்தகைய ஏற்றத்தில் 3,000 டன் சரக்கு ரயிலைப் புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கும் விசை மட்டுமே 60 டன் எடைக்குச் சமமாகும்.

இவ்விசை முழுவதையும் முன் எஞ்சின்களே எதிர்கொண்டால், வேகன்களைப் பிணைக்கும் கப்ளர்களில் முதலாவது ரயிலின் மொத்த இழுவையையும் தாங்க நேரும். ஆகவே பேங்கர் எனப்படும் துணை எஞ்சின்கள் பின்னாலிருந்து தள்ளுகின்றன. இடையில் பிணைப்பு அறுந்தாலும் பின்பகுதி உருண்டோடாதபடி அவை தடுத்து நிறுத்துகின்றன.

ஆயினும் வளைவில் இந்த உதவியே ஆபத்தாக மாறக்கூடும். இழுக்கப்படும் வேகன்கள் வளைவின் உட்புறமாகவும், தள்ளப்படும் வேகன்கள் வெளிப்புறமாகவும் ஒதுக்கப்படுகின்றன. 220 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 டன் விசையுடன் தள்ளினால், ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு வேகனையும் சுமார் 2 டன் விசை பக்கவாட்டில் நெருக்கும். நிறை வேகனைத் தன் எடையே தண்டவாளத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதில் நான்கில் ஒரு பங்கு எடையே உள்ள வெற்று வேகனிலோ, சக்கரத்தின் உள்விளிம்பு தண்டவாளத்தின் மீது ஏறித் தடம் புரள வாய்ப்புண்டு. நெருக்கும் விசை பேங்கருக்கு நேர் முன்னால்தான் உச்சத்தில் இருப்பதால், நிறை வேகன்களுக்குப் பின்னே அவ்விடத்தில் வெற்று வேகன்களைக் கோப்பது தவிர்க்கப்பட வேண்டியதாகும்.

விசை திடீரென மாறும்போது ஆபத்து பன்மடங்காகிறது. மழையில் நனைந்த தண்டவாளத்தில் முன் எஞ்சினின் சக்கரங்கள் வழுக்கினாலும், பின்னால் தள்ளுவது நிற்பதற்குள் முன்னால் பிரேக் போடப்பட்டாலும், இடையிலுள்ள வேகன்கள் ஒன்றோடொன்று இறுக்கப்பட்டு வளைவின் வெளிப்புறம் பிதுங்கத் தொடங்குகின்றன. சக்கரப்பிடிக்காக மணல் தூவுவதும், பிரேக் குழாயை பேங்கர் வரை இணைப்பதும் இதனாலேயே இன்றியமையாதவை. சுரங்கங்களும் வளைவுகளும் மறைப்பதால் ஒருவரையொருவர் காண இயலாத முன், பின் லோகோ பைலட்டுகள், வாக்கி-டாக்கிச் செய்தியையும் பிரேக் அழுத்தமானியையும் துணைக்கொண்டு, விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் ரயிலைச் சீராக ஏற்றுகின்றனர். எஞ்சின்களின் குதிரைத்திறன் எவ்வளவு உயர்ந்தாலும் இந்த ஒத்திசைவுக்கு அது ஈடாகாது.